பூசை நேரத்துக் களையெடுப்பு

கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகும் பஸ்ஸில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்ன ஒரு பேச்சில் எத்தனை மணி உருட்டினேன் என்ற கணக்கே எனக்கு விட்டுப்போயிற்று.

“பக்கத்து வூட்டுத் தோட்டத்துல திருட்டுத்தனமா பூந்து களை புடுங்கிக்கினு இருக்கேன்க்கா.”

“இன்னாடி சொல்ற? கத்திரிக்கா திருடுவாங்க, களையக்கூடவா திருடுவாங்க?” என்றாள் பெரியவள்.

“பார்த்தீனியம்க்கா. அவ தோட்டத்துல பூத்து வெதை பறந்துச்சின்னா, என் மொளகா பாத்தி பூரா மொளைக்குது. சுத்தம் பண்ணுடின்னு கேட்டதுல சண்டை. ரெண்டு வருசமா பேச்சே இல்ல. அப்புறந்தான் தெரிஞ்சிது, முட்டி வலியில அவளால குந்தவே முடியலன்னு. அதான் ஞாயித்துக்கெழம அவ காலைப் பூசைக்குப் போனதும் உள்ள பூந்துடுவேன்.”

“அப்ப உனக்குப் பூசை?”

“சாயந்திரப் பூசைக்குப் போய்க்குவேன். ஆண்டவருக்குத் தெரியாதா?”

“அவ வூட்டு நாய் உன்ன உள்ள உடுதா?”

“அதான்க்கா அதிசயம். எப்பவும் பிஸ்கட் போட்டுத்தான் நொழைவேன். போன வாரம் நாயக் கட்டிப் போட்டிருந்தா. வேலியோரம் ஒரு சொம்புல தண்ணி வேற.”

“நாய்க்கு வச்சிருப்பா.”

“நாய்க்கு எவளாவது தட்டு போட்டு மூடி வெப்பாளா?”

பெரியவள் சிரித்துவிட்டாள். “குடிச்சியா?”

“குடிச்சேன். சொம்பக் கழுவி அவ வாசப்படியில கவுத்துட்டு வந்தேன். நாளைக்கி ஞாயித்துக்கெழம. பூசைக்குப் போறாளா, வூட்லயே இருக்காளான்னு பாக்கணும்.”