ரெண்டாவது ஓலை

– அமலண்ணா, வண்டிய கொஞ்சம் நிறுத்து.

– இன்னா, வாந்தி வருதா? கரியாலூரு இன்னும் நாலு வளைவுதான். சித்தி கோழி அடிச்சி வெச்சிக்கினு ஒக்காந்திருக்கும்.

– நிறுத்துன்னா நிறுத்தேன்!

– ...தோ, நிறுத்திட்டேன். காலையில கோயில்ல உன் கல்யாணத்துக்கு ரெண்டாவது ஓலை வாசிச்சதுலேர்ந்து மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு வர்ற, அனிட்டா. கல்யாணத்துக்குப் பேரு வாசிச்சா அவனவன் பல்லக் காட்டுவான்.

– ஃபாதர் கடைசியில சொன்னாரே... தடை எதுனா தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு.

– அது எல்லாருக்கும் சொல்றதுதான். ஓலை வாசிக்கற மூணு ஞாயித்துக்கெழமையும் சொல்வாரு.

– எனக்கு பயம் வந்துடுச்சி. அதான் உன்கிட்ட பேசணும்.

– ஏன்? மாப்ளய புடிக்கலியா? அப்பா எதுனா மெரட்டினாரா?

– ச்சீ, இல்லணா. இளமாறன ரொம்பப் புடிச்சிருக்கு. நானாத்தான் சரின்னேன்.

– அப்புறம் இன்னாடி? முன்னாடி யாராச்சும் இருந்தானா?

– இருந்தான் இல்ல... இருந்தா.

– இன்னாது?

– ராதிகா.

– எந்த ராதிகா? நம்ம வூட்டுக்கு வந்து, மீன்ல முள்ளு எடுக்கத் தெரியாம முழிச்சுதே... அந்த ஆஸ்டல் பொண்ணா? அது உன் ஃப்ரெண்டுடி!

– ஃப்ரெண்டு இல்லணா. லவ் பண்ணோம். அப்புறம் அவ பெங்களூருக்கு வேலைக்குப் போனா... முடிஞ்சிடுச்சி.

– இரு, தண்ணி குடிச்சிக்கறேன்... அப்போ உனக்கு ஆம்பளைங்களப் புடிக்காதா? அந்தப் பையன் வாழ்க்கைய ஏன்டி...

– புடிக்கும்ணா. ரெண்டு பேரையும் புடிக்கும். எனக்கு வெவரம் தெரிஞ்சதுலேர்ந்தே அப்படித்தான். பைசெக்ஷுவல்னு சொல்வாங்க.

– பேரு கெடக்கட்டும். கல்யாணம் ஆனா மாறிடுமா?

– மாறாது. அண்ணியக் கட்டிக்கினதும் உன் கண்ணுக்கு வேற எந்தப் பொண்ணும் அழகா தெரியாம போயிட்டாங்களா?

– ஏய், இத வூட்டுல வந்து கேட்டு வெக்காத!

– அவ்ளோதான்ணா. வாழப்போறது ஒருத்தரோடதான்.

– ம்... இது தடையில வராதுடி. எனக்கு ஓலை எழுதறப்ப ஃபாதர் கேட்டாரு. ஏற்கெனவே கல்யாணம் ஆச்சா, கட்டக்கூடாத சொந்தமா, யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களான்னுதான். முன்னாடி யாரப் புடிச்சிதுன்னு அவரு கேக்கவே இல்ல. பேசாம வாய மூடிக்கினு கட்டிக்க.

– இளமாறன்கிட்ட சொல்லாமயா?

– சொல்லி, அவன் வேணாம்னுட்டா?

– வேணாம்னுட்டா நீ இன்னா பண்ணுவ?

– இன்னா கேள்வி இது...

– சொல்லுணா.

– அப்பா குதிப்பாரு. சொந்தக்காரனுங்க வாய்க்கு வந்ததப் பேசுவானுங்க...

– அவங்க கெடக்கட்டும். நீ?

– நானா... உன் துணிமணிய எடுத்துக்கினு என் வூட்டுக்கு வந்துடு. அப்பாவ நான் பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் முழுசா புரியல, பயமாவும் இருக்கு. அதுக்காக உன்ன வுட்டுடுவனா? சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லிடு. நானும் கூட வரேன்.

– வேணாம்ணா. இளமாறன்கிட்ட போன மாசமே சொல்லிட்டேன். கொஞ்ச நாளு கழிச்சி அவரே போன் பண்ணாரு. "கட்டிக்கலாம். ஆனா நானும் மனுசன்தான். நாளைக்கு ஒரு சண்டையில இத சொல்லியே உன்னக் குத்துனாலும் குத்துவேன். அப்ப உன் பக்கம் நிக்க, விசயம் தெரிஞ்ச ஆளு ஒருத்தராச்சும் உங்க வூட்டுல இருக்கணும்"னாரு. நான் உன் பேரச் சொல்லியிருக்கேன்.