பழைய காருக்கு ஏற்ற ஆயில்

பழைய காருக்கு மெல்லிய ஆயில் ஊற்றக் கூடாது, சார். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. கடைக்காரர் பளபளப்பான டப்பா ஒன்றை எடுத்து வைத்ததும் மயங்கிவிடுகிறார்கள். தேய்ந்த இன்ஜினில் மெல்லிய ஆயில் நிற்காது, புகையாகப் போய்விடும். எங்கள் சின்னக் கார் என் கல்யாணத்துக்கும் முந்தியது. அதற்கு எப்போதும் இருபது-நாற்பது என்கிற கெட்டி ஆயில்தான். நம் ஊர் வெயிலுக்கும் அது தாங்கும்.

ஆயில் மாற்றுவதை நான் யாரிடமும் விட்டதில்லை. பென்னாகரம் மெக்கானிக் நூர் பாஷா கெட்டிக்காரர்தான், ஆனால் அவசரக்காரர். நான் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, அடியில் தட்டு வைத்து, கடைசிச் சொட்டு வடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வடித்த ஆயிலை வேலிக் கம்பங்களுக்குப் பூசினால் கரையான் அண்டாது. எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

என் மனைவி அன்பரசிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற பாதையில் இறங்கினால், காட்டை ஒட்டித்தான் எங்கள் வீடு. அம்மாவும் எங்களோடுதான். இருட்டினால் பஸ் கிடையாது. அவளுக்குத் தருமபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்தபோது, பெரிய மனசோடு சாவியைக் கொடுத்தேன். தினமும் வண்டியை எடுக்கும் முன் ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவித் துடைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள்கூட அவள் தவறியதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், சார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் காருக்கு அடியில் படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, நான் தருமபுரியிலயே ரூம் பாத்துட்டேங்க. நாளைக்குப் போறேன். இந்த வூட்ல என்னால மூச்சு வுட முடியலங்க" என்றாள்.

நான் கத்தவில்லை. கை ஓங்கவில்லை. அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது. "சரி, வண்டிய எடுத்துட்டுப் போ. புது ஆயில் ஊத்தித் தர்றேன்" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது, சார். அவள் இல்லாத வீட்டில் சாயங்காலம் நானே விளக்குப் போடுவதை நினைத்துப் பார்த்தேன்.

ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே இருக்கும் கசடைக் கழுவி இறக்குவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன். கழுவினேன், இறக்கவில்லை. குச்சியில் மேல் கோடு வரைக்கும் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். குச்சி அளவைத்தான் காட்டும், ஆயில் நீர்த்துவிட்டதைக் காட்டாது. ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கின் வயரையும் கழற்றி வைத்தேன். ஓட்டும்போது திடீரென்று சிவப்பு விளக்கு எரிந்தால் பாவம், பயந்துவிடுவாள்.

கெடுதல் நினைப்பவன் பிரேக்கில் கை வைப்பான். நான் பிரேக்கைத் தொடவே இல்லை. காட்டு மேடு பாதி ஏறியதும் இன்ஜின் இறுகி வண்டி நின்றுவிடும். ஒரு பெண் தனியாகக் காட்டில் நின்றால், வீட்டின் அருமை தெரியும். அவ்வளவுதான் என் கணக்கு.

மறுநாள் மதியமே பைக்கை எடுத்துக்கொண்டு பென்னாகரம் போய், டீக்கடையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் போன் வந்தது. கிளம்புகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று எடுக்கவில்லை. மறுபடி வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. அதன் பிறகு வரவில்லை. காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அவள் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று இன்னொரு டீ சொன்னேன்.

அவள் பெட்டியைக்கூட எடுத்து வைத்திருக்கவில்லை, சார். மாட்டுக்குப் புல் அறுக்கப் போன என் அம்மா ராமக்காளைப் பாம்பு கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று, அன்பரசி அம்மாவைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். அந்த அவசரத்திலும் குச்சியை உருவிப் பார்த்திருக்கிறாள். கார் நான் நினைத்த மேட்டிலேயே நின்றது. அந்தப் பக்கமாக ஒரு பால் வண்டி வருவதற்குள் அம்மாவின் இமைகள் திறக்க முடியாமல் சரிந்துவிட்டன.

ஆஸ்பத்திரி வாசலில் அன்பரசி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அத்த கடசி வரைக்கும் உங்களத்தாங்க கேட்டுட்டே இருந்தாங்க" என்று அழுதாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஆயில் பாத்துட்டுத்தானே எடுத்த?"

"பாத்தேங்க, ஃபுல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். ஆயில் இருந்தால் இன்ஜின் ஏன் இறுகுகிறது என்று என் சித்தப்பா கேட்டார். நான் அவளைத் திட்டவில்லை. விடுங்கள், பதற்றத்தில் மறந்திருப்பாள் என்று எல்லாரையும் சமாதானப்படுத்தினேன். பிறகு அவளே, "நான் சரியா பாக்கலியோ என்னமோங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

நூர் பாஷா இன்ஜினைப் பிரித்தபோது மூக்கைச் சுளித்து, "என்னண்ணா, இவ்வளவு மண்ணெண்ண வாசன வருது?" என்றார். அவர் வந்து உங்களிடம் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. அவர் தொழிலுக்கு அவர் உண்மையாக இருக்கிறார். மண்ணெண்ணெய் ஊற்றியது நான், வயரைக் கழற்றியது நான், போனை எடுக்காமல் இருந்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். என்னைப் பெற்றவளைக் கொன்றுவிட்டேன். அது எனக்கு வலிக்காமல் இல்லை.

ஆனால் அன்பரசி வேலையை விட்டுவிட்டாள். ரூமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மா படத்துக்கு அவள்தான் தினமும் பூ வைக்கிறாள். சாயங்காலம் ஆனால் அவளே விளக்குப் போடுகிறாள். நான் ஜெயிலிலிருந்து வரும்வரை அங்கேயே இருப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். போலீஸ் என்னைத் தப்பாகக் கூட்டி வந்துவிட்டது என்று நினைக்கிறாள்.

அவளிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள், சார். தெரிந்தால் போய்விடுவாள்.