மூன்று முறை திரும்பிப் பார்த்தவன்

வியாழக்கிழமை என்றால் எங்கள் அரங்கத்துக் கேண்டீனில் பட்டாணி சூப்பும் ஜாம் தடவிய அப்பமும்தான். பதினேழு வருடமாக அதைத்தான் சாப்பிடுகிறேன், சலித்ததே இல்லை. இன்று பார்த்து நீங்கள் பதினோரு மணிக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள். பரவாயில்லை மேடம், உங்கள் போலீஸ் நிலையத்துக் காப்பி குடிக்கும்படியாகவே இருக்கிறது. வக்கீல் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டீர்கள். வேண்டாம். எனக்குச் சொந்தமாகவே வாய் இருக்கிறது.

சாமுலி உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். எங்கள் கோல் கீப்பர். ஒன்பது மாதம் அதை வயிற்றிலேயே வைத்திருந்துவிட்டு இப்போது கக்கியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதையும் அரைகுறையாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறான். அதனால் நானே சொல்கிறேன்.

உங்களுக்கு ஐஸ் ஹாக்கியில் அவ்வளவு பழக்கமில்லை என்று தெரிகிறது. இந்த ஊரில் பிறந்துவிட்டு அது எப்படி என்று கேட்கமாட்டேன். விஷயம் இதுதான். எதிரணிக்காரன் ‘பக்’கை எங்கள் மூலைக்கு அடித்துவிடுவான். கையளவு ரப்பர் வில்லை அது. அதை எடுக்க எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் சுவரைப் பார்த்து ஓட வேண்டும். அப்போது அவன் முதுகு மைதானம் முழுவதற்கும் திறந்து கிடக்கும். பின்னால் தொண்ணூறு கிலோ ஆள் ஒருவன் பாய்ந்து வருகிறானா இல்லையா என்பதைக் கூட ஆடும் இன்னொரு தடுப்பாட்டக்காரன்தான் கத்திச் சொல்வான். அதற்கு எங்களிடம் இரண்டே சொல். ‘முதுகு’ என்றால் ஆள் ஏறிவிட்டான், உடம்பைக் குறுக்கிச் சுவரோடு ஒட்டிக்கொள். ‘நேரம்’ என்றால் யாரும் இல்லை, நிதானமாக நிமிர்ந்து திரும்பு. பின்லாந்துக்காரனுக்கு வாய் குறைவு என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். ஐஸின் மேல் மட்டும் நாங்கள் ஓயாமல் பேசுவோம்.

ஏலிஸ் ஹைகோலா போன வருடம் ஆகஸ்டில் வந்தான். பத்தொன்பது வயது. கிழக்கு எல்லையோரம் மனிதர்களைவிட மான்கள் அதிகமாக இருக்கும் ஒரு கிராமம். அப்பா காட்டில் மரம் அறுக்கும் வண்டி ஓட்டுகிறவர். பையன் பெரிய இடத்துக்குப் போவான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து ஆட்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து எங்கள் பயிற்சியைப் பார்த்தார்கள். பதினேழு வருடத்தில் என்னைப் பார்க்க அப்படி யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

எங்கள் கோச் ஹன்னு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யார்னோ, இந்தப் பையன உன் கையில குடுக்கறேன். முப்பத்தாறு வயசுல உனக்கு இன்னொரு வருஷம் ஒப்பந்தம் போட்டதே இதுக்குத்தான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"கூடவே ஆடு, கூடவே பேசு. கெடுத்துராத."

நான் கெடுக்கவில்லை. புள்ளிவிவரத்தை எடுத்துப் பாருங்கள்.

பையனிடம் ஒரே ஒரு பழக்கம்தான் ஹன்னுவுக்குப் பிடிக்கவில்லை. பக்கை எடுக்கப் போகும்போது மூன்று முறை திரும்பிப் பார்ப்பான். இடது, வலது, மறுபடி இடது. ரோட்டைக் கடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எங்கே கற்றாய் என்று கேட்டேன். மரத்தைச் சாய்க்கும் முன் பின்னால் பார், சாய்ந்தபின் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று அப்பா சொல்லுவாராம். நல்ல அப்பா. ஆனால் ஒவ்வொரு பார்வைக்கும் நொடியில் ஒரு பங்கு போய்விடுகிறது. தொழில்முறை ஆட்டத்தில் அந்தப் பங்குதான் எல்லாம்.

"உனக்குப் பின்னாடி கண்ணு நான்தான். நான் சொல்றதக் கேளு, நீ பாக்காத," என்றேன்.

"நீங்க சொல்ல லேட்டாச்சுன்னா?"

"பதினாறு வருஷத்துல லேட்டா சொன்னதில்ல."

அது உண்மை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் அவன் தலை திரும்பும்போதெல்லாம் மட்டையால் ஹெல்மெட்டில் ஒரு தட்டு வைத்தேன். வலிக்காது, சத்தம்தான் வரும். பிறகு அவன் முகக் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் கறுப்பு டேப் ஒட்டினேன், வண்டிக் குதிரைக்குக் கண்ணோரம் கட்டுவார்களே, அது போல. பசங்கள் சிரித்தார்கள். "வண்டியில எவ்வளவு பாரம்டா ஏத்தப் போற கிழவா?" என்று ஒருவன் கேட்டான். ஏலிஸும் சேர்ந்து சிரித்தான். அவனுக்கு ரோஷம் என்பதே கிடையாது, எதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். அக்டோபரில் மூன்று பார்வை ஒன்றாகக் குறைந்தது. நவம்பர் கடைசியில் அதுவும் நின்றது. டேப்பைப் பிய்த்துப் போட்டேன், இனி அது தேவைப்படவில்லை.

அப்புறம் அவன் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ‘நேரம்’ என்று நான் கத்திய அந்தக் கணமே நிமிர்ந்து திரும்புவான், யார் எங்கே என்று யோசிக்காமலே பக் அவன் மட்டையிலிருந்து போய்விடும். லீக்கிலேயே வேகமான கை என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவன் பேட்டியில் என் பெயரைச் சொன்னான். "யார்னோவின் குரல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டும் ஆடுவேன்" என்றான். அதை என் மனைவி அவன் படத்தோடு வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தாள். காலையில் பால் எடுக்கும்போதெல்லாம் அந்த மூஞ்சியில்தான் முழிக்க வேண்டியிருந்தது.

டிசம்பரில் ஒருநாள் பயிற்சி முடிந்து சாமுலியும் நானும் மட்டும் சவுனா நீராவி அறையில் உட்கார்ந்திருந்தோம். அவன் சூடான கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினான். ஆவி அடங்கியதும் ஆரம்பித்தான்.

"ஒண்ணு கேக்கணும் யார்னோ. நீ மூலைக்குப் போறப்ப ரெண்டு தரம் திரும்பிப் பாக்கற."

"பாப்பேன்."

"பையன் பின்னாடி நின்னு கத்தறப்பவும் பாக்கற."

"பழக்கம்."

"உனக்கு வேணும்னா அவனுக்கு வேண்டாமா?"

"அவனுக்கு நான் இருக்கேன். எனக்குப் பச்சப் புள்ள ஒண்ணுதான இருக்கு," என்றேன்.

சாமுலி சிரிக்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டான். கோல் கீப்பர்களே இப்படித்தான். ஆட்டம் முழுக்க ஒரே இடத்தில் நின்று அடுத்தவனை வேவு பார்க்கிற பிழைப்பு.

பிப்ரவரி முதல் வாரம் ஹன்னு கூப்பிட்டார். நல்ல மனநிலையில் இருந்தார், தோளில் கை போட்டார்.

"பையன் தயாராயிட்டான்யா. பிரமாதமான வேலை பண்ணியிருக்க. அடுத்த சீசன் அவன் கூட யார வேணா ஆட விடலாம்."

"அப்ப நான்?"

"நீயே சொல்லு. எதுக்கு உன்ன வச்சோமோ அது முடிஞ்சுது. ஒரு நல்ல விருந்து வச்சு அனுப்பறோம், உன் நம்பர் சட்டைய மரியாதையா அரங்கத்துல மாட்டறோம்."

கோபம் வந்ததா என்று உங்கள் முகம் கேட்கிறது. வரவில்லை. அவனை வளர்த்த அளவுக்கு நான் வேண்டாதவன் ஆகிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கணக்குப் பிசகவில்லை. ஹன்னுவுக்குக் கை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் வாசல் பனியை வாரினேன்.

அடுத்த சனிக்கிழமை, மாலை ஐந்து மணி ஆட்டம். மூன்றாவது பகுதியில் பக் எங்கள் இடது மூலைக்கு வந்தது. ஏலிஸ் ஓடினான். எதிரணியின் பதினேழாம் எண் பையன் முழு வேகத்தில் பின்னால். நான் பத்து மீட்டரில் இருந்தேன், எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கூட்டம் இரைந்ததால் என் குரல் போய்ச் சேரவில்லை என்று மறுநாள் பத்திரிகையில் எழுதினார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஏலிஸுக்கு என் குரல் எந்த இரைச்சலிலும் கேட்கும். அப்படித்தான் பழக்கியிருந்தேன்.

நான் ‘நேரம்’ என்றேன்.

சாமுலி உங்களிடம் சொன்னது அதைத்தான். சரியாகவே கேட்டிருக்கிறான்.

ஏலிஸ் நிமிர்ந்தான், திரும்பினான், அழகாகவே திரும்பினான். பதினேழாம் எண்ணுக்கு நிறுத்த இடமில்லை. அந்தப் பையனுக்குப் பத்து ஆட்டம் தடை போட்டார்கள், அவன் வீட்டு வாசலில் யாரோ அசிங்கமாக எழுதியும் வைத்தார்களாம். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கழுத்தில் இரண்டு எலும்பு. உலோகக் கம்பி வைத்து இறுக்கியிருக்கிறார்கள். கை வேலை செய்கிறது, கால் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. தலையை மட்டும் இனி எந்தப் பக்கமும் திருப்ப முடியாது. அந்த ஒரு நிமிடம் அவன் ஞாபகத்திலேயே இல்லை. நான் முதல் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கேட்டான்.

"நான் என்ன தப்புப் பண்ணேன் யார்னோ?"

"திரும்பிப் பாத்திருக்கணும்," என்றேன்.

கூரையைப் பார்த்தபடியே சொன்னான். "ஆமா. அப்பாவும் அதத்தான் சொன்னார்."

வசந்தத்தில் ஹன்னு என் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டினார். அனுபவமுள்ள தடுப்பாட்டக்காரன் தேவைப்பட்டான், வேறு யார் இருக்கிறார்கள். மகனுக்கு நான் துணையாக இருப்பதற்காக ஏலிஸின் அம்மா எனக்கு மாதம் ஒரு டப்பா அரிசி அடை சுட்டு அனுப்புகிறாள். ஞாயிறுதோறும் மறுவாழ்வு மையத்துக்குப் போய் அவன் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறேன். க்ளப்பில் வேறு ஒருவன்கூட அப்படிப் போவதில்லை. சாமுலி போனது ஒரே தடவை, போய்விட்டு வந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறான். அங்கே அவன் பார்த்ததைச் சொன்னானா? லிப்டிலிருந்து நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்து வெளியே வரும்போது ஏலிஸ் கேட்பான், "பின்னாடி யாராச்சும் வர்றாங்களா?" நான் "நேரம்" என்பேன். உடனே உடம்பைத் தளர்த்திக்கொள்வான். சாமுலி அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் முகம் போன போக்கைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் இனி தாங்கமாட்டான் என்று.

நீங்கள் சுற்றிச் சுற்றி அந்தச் சனிக்கிழமையையே கேட்கிறீர்கள். ஒரு கண நேரத்தில் வாய் தவறிவிட்டதா, ஹன்னு சொன்னதால் ஆத்திரமா என்று. அப்படி எழுதிக்கொண்டால் எனக்குக் குறைவான தண்டனை கிடைக்கும், தெரியும். ஆனால் பதினேழு வருடம் லேட்டாகவோ தப்பாகவோ கத்தாதவன் நான், என் தொழிலை அப்படிக் கேவலப்படுத்த மாட்டேன்.

ஆகஸ்டில், முதல் பயிற்சியன்று, அவன் மூலைக்கு ஓடியதைப் பார்த்தேன். ஸ்கேட்டின் மேல் அவன் நின்ற விதமே வேறு. நான் பல்லைக் கடித்துக் கற்றதையெல்லாம் அவன் சோம்பல் முறிக்கிற மாதிரி செய்தான். எனக்கு வயிறு எரிந்தது. அவனை நிறுத்த யாராலும் முடியாது என்று தெரிந்தது, ஏனென்றால் மூன்று முறை பின்னால் பார்க்கிறவனை யாராலும் பின்னாலிருந்து அடிக்க முடியாது. ஹன்னு அந்தப் பழக்கத்தை எடுத்துவிடு என்றபோது நான் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. எதற்காக எடுக்கிறேன் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சனிக்கிழமை நான் சொன்னது ஒரு சொல். மற்ற வேலையெல்லாம் நவம்பரிலேயே முடிந்திருந்தது.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும். இன்று மாலையே நீங்கள் ஏலிஸிடம் போய்ச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அவன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். சுற்றி வந்து முன்னால் நின்று சொல்லுங்கள் மேடம். பின்னாலிருந்து வருகிற குரலை அவன் நம்பிவிடுவான்.