கார்முகில் தோற்றதில்லை

காலை ஏழேகாலுக்குக் கடையைத் திறந்துவிடுவேன். அதற்குள் ஏலத்தோட்டத்து ஆட்களோடு போடிமெட்டு மலை ஏறும் ஜீப்புகள் எல்லாம் போயிருக்கும். தலைவலி மாத்திரைக்கும் கை கால் வலித் தைலத்துக்கும் தோட்டத்து ஆட்கள் வருவது மாலையில்தான். பகல் முழுக்க ஒரு மருந்துக்கடைக்காரனுக்கு நேரம் உண்டு. நீங்கள் கேட்டதற்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

'போடி பேசுது' என்ற முகநூல் குழுவை ஆரம்பித்தது நான்தான். காசிராஜன் என்ற என் சொந்தப் பெயரில்தான் நடத்தினேன். முதலில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் வந்துகொண்டிருந்தன. நான் விஷயங்களைக் கொண்டுவந்தேன். காய்ச்சலில் குளிக்கலாமா. ஏலக்காய்ச் செடிக்கு அடிக்கும் மருந்து காயில் எவ்வளவு நாள் நிற்கும். பொட்டிபுரம் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் கட்டினால் யாருக்கு என்ன ஆகும். படித்துப் பார்த்து, சரியாக எழுதுவேன். கீழே நான்கு பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். பிடிக்காதவர்கள், "ஊசி விக்கிறவன் ஊசி போடத்தான் சொல்லுவான்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். வாதம் என்று ஒன்று நடக்காது.

பிறகு கார்முகில் வந்தார்.

ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர், குரங்கணிக்கு மேலே காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார் என்று அவருடைய பக்கத்தில் இருந்தது. முகத்துக்குப் பதில் மலைமேல் ஒரு மேகம். ஜீப்புகளில் ஆள் ஏற்றுவதற்குச் சட்டம் சொல்லும் அளவைப் பற்றி நான் எழுதியிருந்தேன். அதன் கீழே அவர் எழுதினார்: "அண்ணே, சட்டப்படி ஜீப்புல ஏத்த முடியாத மிச்சப் பேர நீங்க முதுகுல தூக்கிட்டு மெட்டு ஏறுவீங்களா?"

அன்று குழுவே சிரித்தது. அதற்கு நான் பதில் எழுதினேன். அவர் திருப்பி எழுதினார். முதல் முறையாக ஒரு வாதம் ராத்திரி வரைக்கும் ஓடியது.

அதன்பின் ஆட்கள் சேர்ந்தார்கள். ஜீப் ஓட்டுகிறவர்கள், தோட்டத்தில் காய் எடுப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். நான் புத்தகத் தமிழில் எழுதுவேன், அவர் எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுவார். நான் ஆதாரம் கொடுப்பேன். அவர் கேள்வி கேட்பார். பெரும்பாலும் அவரே ஜெயித்தார்.

பக்கத்து மளிகைக்கடை கலீபுல்லா காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கேட்பான்.

"என்ன மாப்ளே, நேத்தும் கார்முகில்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டியாமே?"

"ஆமா."

"விடு. அந்தாளு பேச்சுக்காரன். ஒனக்கு அம்புட்டு வராது."

நான் சிரிப்பேன். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை அவனிடம் சொல்ல முடியாது. கார்முகிலை எழுதியது நான்தான். கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில் ஒரு பழைய போன் கிடந்தது. அவர் அதில் இருந்தார்.

இதை ஏமாற்று என்று நீங்கள் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. என் மனைவி பல வருடமாகச் சின்னமனூரில் அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் மருந்தின் பெயரைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, அதில் ஓட்டை கண்டுபிடித்து, திருப்பிப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. ஊரில் கிடைக்கவில்லை. அவரை ஜெயிக்கவைக்க வேண்டும் என்று நான் திட்டமிடவும் இல்லை. எனக்குச் சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அவருக்கு அது இல்லை.

நாய்களைப் பற்றிய வாதம் போன ஆடியில் வந்தது. தெருநாய்களை நகராட்சி பிடிக்க வேண்டுமா, ஊசி போட்டு விட்டுவிட வேண்டுமா என்று ஆரம்பித்தது. நாய் கடித்தவர்கள் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஊசி இலவசம் என்று நான் எழுதினேன். கார்முகில் இப்படி எழுதினார்:

"கடிச்ச நாயக் கட்டிப்போடுங்க. பத்து நாள் அது நல்லாருந்தா நீங்களும் நல்லாருப்பீங்க. அதுக்குள்ள ஆசுபத்திரிக்கு ஓடிக் கூலியக் கெடுத்துக்காதீங்க."

இது முழுப்பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் ஊசியை ஆரம்பித்துவிட்டு, அதன்பின் நாயைப் பத்து நாள் பார்க்க வேண்டும், நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நூல்களில் இருக்கிறது. "மொதல்ல ஊசிய ஆரம்பிச்சிட்டு" என்ற வார்த்தைகளை நானும் அவருக்கு எழுதித்தான் பார்த்தேன். வாக்கியம் நீண்டுவிட்டது. அவர் பேசுவது போலவும் இல்லை. எடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் முத்துப்பாண்டி குழுவில் ஒரு படம் போட்டான். அவனும் அவன் மனைவி சுகன்யாவும் போடியில் இருந்து தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறவர்கள். காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கத்தில் சுகன்யாவின் கெண்டைக்காலில் ஒரு நாய் கடித்துவிட்டது. அந்த நாயைப் பிடித்துக் கயிற்றில் கட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்திருந்தான். "கார்முகில் அண்ணே சொன்னபடி நாயக் கட்டிட்டேன்" என்று எழுதியிருந்தான். செம்பட்டை நிற நாய். இடது காது கிழிந்து மடிந்திருந்தது.

அன்று மாலை இருவரும் என் கடைக்கு வந்தார்கள்.

"நாய்க்கடிக்கு ஒரு களிம்பு குடுங்கண்ணே" என்றாள் சுகன்யா.

"களிம்பெல்லாம் ஆகாது. சோப்புப் போட்டு நல்லாக் கழுவு. காலைல ஆசுபத்திரிக்குப் போயிரு. ஊசி சும்மாதான் போடுறாங்க."

"அங்க சீட்டு வாங்கி முடிக்கிறதுக்குள்ள ஜீப்பு மெட்டு ஏறிருமே. இப்பக் காய் எடுப்பு. ஒரு நாள் நின்னா கங்காணி எங்க எடத்துல வேற ஆளப் போட்டுருவாரு. இது ஒரு ஊசியோட முடியுற சோலியும் இல்லையாம்."

முத்துப்பாண்டி சிரித்தான். "அண்ணே, கோவிச்சுக்கிராதீங்க. கார்முகில்கிட்டத் தோத்ததுக்கு எம் பொண்டாட்டிய ஊசியால குத்திப் பழி தீக்குறீங்களாக்கும்?"

"யாருய்யா அந்தக் கார்முகிலு? நீ நேர்ல பாத்திருக்கியா?" என்று சுகன்யா அவனைக் கேட்டாள்.

"அவரு விஞ்ஞானி. ஒன்னயப் பாக்கப் பஸ்சுல தொங்கிக்கிட்டு வருவாராக்கும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்திருக்கீங்களாண்ணே?"

இல்லை என்றேன். களிம்பைக் கொடுத்து அனுப்பினேன்.

நாய் குழுவுக்குச் சொந்தமாகிவிட்டது. முத்துப்பாண்டி தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு படம் போட்டான். அதற்கு ராஜா என்று யாரோ பேர் வைத்தார்கள். ராஜா சாப்பிட்டதா, ராஜா வாலாட்டியதா என்று கேட்டார்கள். ஜெயிக்கப்போவது காசிராஜனா கார்முகிலா என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். சுகன்யா எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிடையாது. நாயைப் பார்த்துக்கொள்ளும்படி தோட்டத்துக் காவலாளி பிச்சைமணியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். திங்களன்று வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே செம்பட்டை, அதே கயிறு. இரண்டு காதும் நேராக நின்றன.

நாய் கயிற்றில் இருந்து உருவிக்கொண்டு ஓடிவிட்டது, திட்டு விழுமே என்று பிச்சைமணி இன்னொரு நாயைப் பிடித்துக் கட்டிவிட்டான் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. தோட்டத்து நாய்கள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கடிபட்டவள் கடித்த நாயிடம் திரும்பவும் போய் நிற்கமாட்டாள். முத்துப்பாண்டி படம் எடுத்தானே தவிர நாயைப் பார்க்கவில்லை. குழுவில் அத்தனை பேர் பார்த்தார்கள். காதைக் கவனித்தது நான் ஒருவன்தான்.

கவனித்ததை மறைக்கவில்லை. காசிராஜன் என்ற பெயரில் எழுதினேன்: "இது அதே நாய் அல்ல. இடது காதைப் பாருங்கள். கடிபட்டவர் தாமதிக்காமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்." இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது. நீங்களே பார்க்கலாம்.

பிறகு குழு காத்திருந்தது. கார்முகில் என்ன சொல்வார் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அவர் பேசாமல் இருந்தால் சந்தேகம் வரும். அதோடு, அவருடைய பதில் எனக்குத் தோன்றிவிட்டது. நல்ல பதில். தோன்றிய பிறகு அதை எழுதாமல் இருப்பது கஷ்டம். இழுப்பறையைத் திறந்து எழுதினேன்.

"அண்ணே, அடுத்து நாய்க்கு ஆதார் கார்டு கேப்பீங்க போல."

அன்றைக்கு விழுந்த சிரிப்புக்கு அளவில்லை. என் எச்சரிக்கை அதற்கு அடியில் போய்விட்டது. பத்து நாள் கெடு முடிந்ததும் முத்துப்பாண்டி நாய்க்குச் செவ்வந்தி மாலை போட்டுப் படம் எடுத்துப் போட்டான். நான் தோல்வியை ஒப்புக்கொண்டு நாலு வரி எழுதினேன். பெருந்தன்மை என்றார்கள்.

அதன்பின்னும் நேரம் இருந்தது. ரேபிஸ் நோய் உடனே வருவதில்லை. வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். அது வெளியே தெரியும் வரைக்கும் ஊசிக்கு வேலை உண்டு. மாலையில் ஜீப்பில் இருந்து இறங்கி சுகன்யா என் கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். காய் எடுத்துக் கருத்துப்போன விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே போவாள். இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னேன். மருந்தை என் கடையிலேயே சும்மா தருகிறேன் என்றும் சொன்னேன். முத்துப்பாண்டி வந்து, "தோத்தது தோத்ததுதான்ணே, விடுங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

கார்முகில் ஒரு வரி எழுதினால் போதும் என்பது எனக்குத் தெரியும். "நான் தப்பாச் சொல்லிட்டேன், போய் ஊசி போடுங்க." அவர் சொன்னால் மறுநாளே போயிருப்பார்கள். அந்த வரியைப் பல சாயங்காலங்களில் அவருடைய போனில் எழுதினேன். எழுதி அழித்தேன்.

காரணம் கேட்கிறீர்கள். தப்பு என்று ஒப்புக்கொண்ட விஞ்ஞானியை அதோடு விடமாட்டார்கள். எங்கே படித்தீர், தோட்டம் எங்கே, நேரில் வாரும் என்பார்கள். ஒவ்வொரு கேள்வியும் என் கடைக்குள் வந்து நிற்கும். அப்புறம் இந்தக் கல்லாவுக்குப் பின்னால் நானும் மருந்து அட்டைகளும்தான். காலையில் எனக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. நீங்கள் அப்படித் தனியாக இருந்ததுண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுவது உங்களுக்கும் புரியும்.

புரட்டாசியில் ஒரு நாள் சுகன்யா தனியாக வந்தாள்.

"கடிச்ச எடத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குண்ணே. காயந்தான் எப்பவோ ஆறிருச்சே, இது என்ன புதுசா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிலைக்குப் பிறகு எந்த மருந்தும் கேட்காது. நூலில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு வைட்டமின் அட்டையைக் கொடுத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னேன். தண்ணீர் நிறையக் குடி என்று வழக்கமாகச் சொல்வேன். அதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த சில நாளில் கார்முகிலுக்கு முத்துப்பாண்டியிடம் இருந்து ஒரு செய்தி வந்தது. "அண்ணே அவ தண்ணியப் பாத்தாலே ஒதறுறா, என்ன செய்ய?" மூன்று முறை அதே செய்தி. கார்முகில் பதில் சொல்லவில்லை. சரியான பதில் அப்போது எதுவும் இல்லை. தவறான பதில் சொல்ல நான் விரும்பவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே முடிந்துவிட்டது.

அதன்பின் குழு என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. என் பழைய எச்சரிக்கையை யாரோ தோண்டி எடுத்துப் போட்டார்கள். காதுக்கு வட்டம் போட்டுப் பகிர்ந்தார்கள். அன்றைக்கே சொன்ன காசிராஜன் என்றார்கள். கலீபுல்லா கடையை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒன்னயப் போயி கிண்டல் பண்ணினனேடா" என்றான். கார்முகிலைத் தேடி ஒரு ஜீப் நிறைய ஆட்கள் குரங்கணிக்குப் போனார்கள். காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவரைச் சட்டையைப் பிடித்து விசாரித்துவிட்டு வந்தார்கள். அது தவறு என்று குழுவில் நான் கண்டித்து எழுதினேன்.

எனவே என்னைப் பற்றி ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் எழுதியதில் பிழையில்லை. முதலிலும் சரியாகச் சொன்னேன், இடையிலும் சொன்னேன், நேரிலும் சொன்னேன். அவர்கள்தான் அவரை நம்பினார்கள். அவரை விசாரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

முத்துப்பாண்டி இப்போது தோட்டத்துக்குப் போவதில்லை. மாலையில் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறான். கடை மூடும்வரை போவதில்லை. அவன் எதிரில் நானும் எழுந்து போக முடிவதில்லை. நேற்று அவன் உள்ளே வந்தபோது கார்முகிலின் போனில் அவனுடைய பழைய செய்திகளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அப்படியே இழுப்பறைக்குள் தள்ளி மூடினேன். திரையை அணைக்க நேரமில்லை; அவன் செய்திப் பக்கம் திறந்தே கிடந்தது.

அவன் தன் போனை என்னிடம் நீட்டினான். "எனக்கு வார்த்தை வர மாட்டேங்குதுண்ணே. அவனுக்கு எழுதத் தெரிஞ்ச ஆளு நீங்கதான். நான் சொல்றதப் போடுங்க."

அவன் சொன்னான். நான் எழுதினேன். நாய் மாறிப்போனது உனக்குத் தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல், வேறு எதுவும் வேண்டாம். அவ்வளவுதான். ஒரு பிழையை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஸ்டூலை நகர்த்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, 'சீன்'னு காட்டுது. பாத்துட்டான். அவன் பேச்செல்லாம் ஒங்களுக்குத்தான் அத்துப்படி, இப்ப என்ன பதில் எழுதுவான்?"