சாட்சிக் கையெழுத்து

பேட்டையிலிருந்து ஜங்ஷன் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி நிறைமாதம். மற்றவள் அவள் கணவனின் அக்கா.

“மதினி, என் நஞ்சுக்கொடிய ஆஸ்பத்திரில கேக்காங்க.”

“அத வச்சு என்ன செய்யப் போறாங்க?”

“ஆராய்ச்சிக்காம். பிள்ளத்தாச்சிக்கு ரத்தக்கொதிப்பு ஏன் வருதுன்னு பாக்கணுமாம்.”

“நம்ம வீட்டுல அத மண்ணுல புதைக்கணும், தெரியும்லா?”

“ஒரு துண்டு எடுத்துக்கிட்டு மிச்சத்தத் தந்திருவாங்களாம்.”

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கர்ப்பிணி மெல்லச் சொன்னாள்:

“மூத்தது ஏழாம் மாசம் வயித்துலயே கொதிப்புல தவறிப்போனப்போ, ஏன்னு கேட்டேன். எங்களுக்கே முழுசாத் தெரியலம்மான்னாங்க டாக்டரம்மா. இனி கேக்குறவளுக்காவது பதில் கிடைக்கட்டும் மதினி.”

பேருந்து ஒரு நிறுத்தம் தாண்டியது. மதினி அவள் வயிற்றில் கை வைத்தாள்.

“என்ன இந்த உதை உதைக்கி. சரி, கையெழுத்துப் போட்டுட்டியா?”

“நான் போட்டுட்டேன். சாட்சிக்கு வீட்டாள் ஒருத்தர் வேணுமாம். அதுக்குத்தான் உங்களக் கூட்டிட்டுப் போறேன்.”

“செக்கப்புன்னுல்லா சொன்ன?”

முறைத்த மதினி சிரித்துவிட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து துழாவினாள்.

“கண்ணாடி இருக்கான்னு பாக்கேன். வாசிச்சுப் பாக்காம போட மாட்டேன், ஆமா.”