விட்டுப்போன ‘விண்’

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில், இதே மேடையில், தாராவியில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினோம். இன்றுவரை ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. இதைச் சொல்லாமல் வணக்கம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இப்போது சொல்கிறேன். தலைமை தாங்கும் அண்ணாச்சி முத்துசெல்வம் அவர்களே, மைக்கைப் பிடுங்கிய கைக்குச் சொந்தக்காரரான செயலாளர் தம்பி ஞானதுரை அவர்களே, சுனாபட்டியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, டோம்பிவிலி ரயிலில் நசுங்கி வந்து நிற்கும் உழைப்பாளிகளே, தாய்மார்களே, பாத்திரக்கடை சொரிமுத்துவின் வணக்கம்.

அந்தப் பெண் இசக்கிசெல்வி. அணு ஆய்வுக்கூடத்தில் வேலை. அவள் பேச வந்த தலைப்பு ‘விண்மீன் சமையல்’. பேனர் அடித்தவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ‘விண்’ணை விட்டுவிட்டார். நம் கமிட்டிக்குத் தமிழ் தெரியும், படிக்கத்தான் நேரமில்லை. கோலப் போட்டிக்கும் மியூசிக்கல் சேருக்கும் நடுவில் ‘மீன் சமையல்’ என்று சேர்த்துவிட்டார்கள். சிரியுங்கள், சிரிக்கத் தகுந்ததுதான்.

அவள் மேடையேறியதும் கூட்டத்தில் இருந்த அன்னத்தாய் கேட்டார்: “எந்த மீனு தாயி? சாளையா, சீலாவா?”

அவள் கூசினாளா? குறுகினாளா? இல்லை.

“வானத்து மீனு பெரிம்மா. அதுவும் அடுப்புதான். சின்ன அணுவச் சேத்துச் சேத்துப் பெருசாக்கும். இரும்பு வரைக்கும் தன் தீயிலயே ஆக்கிரும்.”

“அம்புட்டுத் தூரத்துல நடக்கது ஒனக்கு எப்படிட்டி தெரியும்?”

“இங்க மிஷின்ல செஞ்சு பாக்கோம்லா. அணுவ அணுவோட மோதவிட்டு, எத்தன ஒட்டுதுன்னு எண்ணுவோம்.”

கேட்டீர்களா? நட்சத்திரத்துக்குள் கைவிட்டு அளக்க முடியுமா? முடியாது. அந்த முடியாததை ஓர் அறைக்குள் வைத்து அளக்கிறார்கள். கோடானுகோடி மோதல்களில் ஏதோ ஒன்று ஒட்டும். அந்த ஒன்றுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். அது எவ்வளவு அரிது என்று அளந்தால், நட்சத்திரம் எவ்வளவு வேகத்தில் சமைக்கிறது என்று தெரியும். உலகில் வெள்ளி ஏன் இவ்வளவு, ஈயம் ஏன் அவ்வளவு என்று விளங்கும். நான் யாரிடமும் பாடம் கேட்காதவன். இதைத் தட்டுத் தடுமாறிப் படித்த அன்று, கடையிலிருந்த செம்புக் குடத்தைத் தட்டித் தட்டிக் கேட்டேன்: அணுக் கனத்தில் இரும்பைத் தாண்டிய செம்பே, உன்னை எந்த நட்சத்திரம் ஆக்கியது? எத்தனை யுகம் ஆக்கியது?

அந்த விழாவில் அன்னத்தாயும் அதைத்தான் கேட்டார். தாலியைத் தூக்கிக் காட்டி, “அப்ப இந்தத் தங்கம் எந்த அடுப்புல வெந்துச்சு?” என்றார்.

 பந்தலில் பின்னால் ஒருவர் எழுந்து நின்றார். இசக்கிசெல்வியின் தாய் பேராச்சி. தோல் பட்டறையில் பை தைப்பவர். மகளுக்கு என்ன வேலை என்று கேட்டால், “என்னமோ அளக்கா” என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவர். அந்த ‘என்னமோ’ அவருக்கு விளங்கவிருந்த நேரம் அது.

“தங்கத்துக்கு இந்தத் தீ பத்தாது பெரிம்மா. அதுக்கு...” என்றாள் மகள்.

அதுக்கு? மைக் போய்விட்டது. டான்ஸ் கோஷ்டி வந்துவிட்டதாம்.

“எம் மவ பேச வந்தா. நீங்க வாய அடச்சிட்டிய அண்ணாச்சி” என்றார் பேராச்சி. பிறகு இந்தச் சங்க வாசலை மிதிக்கவில்லை. இன்று என் பிடிவாதத்துக்காக மகளோடு வந்து, தண்ணீர் டிரம் ஓரத்தில் நிற்கிறார்.

செயலாளர், “பெரியவரே, ஜல்தி முடிங்க, டைம் ஆச்சு” என்கிறார். ஆகட்டும் தம்பி. தங்கம் உண்டாக ஆன டைம் உமக்குத் தெரியுமா?

“பதில நீரே சொல்லிரும் அண்ணாச்சி” என்கிறது அங்கே ஒரு குரல். மாட்டேன். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அது அவள் அளந்த பதில்.

ஆகவே, தம்பி ஞானதுரை எழுந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும். தலைவர் அவர்கள் டான்ஸ் கோஷ்டியைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். முன்வரிசைப் பிரமுகர் ஒருவர் நாற்காலியை விட்டு எழ வேண்டும். பேராச்சி அதில் உட்கார வேண்டும். அன்னத்தாய் அதே தாலியைத் தூக்கிக் காட்டி அதே கேள்வியைக் கேட்க வேண்டும். இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு என் நன்றி, இந்தச் சபைக்கு என் வணக்கம். இசக்கிசெல்வி ‘அதுக்கு’ என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். நான் இறங்க வேண்டும்.