இரண்டரைச் சுற்று

பழைய வேனில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ரப்பர் புஷ் காய்ந்திருக்கும், மாற்றினால் சரியாகிவிடும். ‘டக் டக்’ என்று வந்தால்தான் அந்த இடத்திலேயே ஓரங்கட்ட வேண்டும். காலையில் உங்கள் ஜீப் உள்ளே வந்தபோது கேட்டேன். கீச்சுதான், கவலைப்படாதீர்கள். கொலையை ஒப்புக்கொள்ள வந்தவன் புஷ்ஷைப் பற்றிப் பேசுகிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். என் மனைவியும் அதைத்தான் சொல்வாள். அவள் பக்கத்தில் நின்று கத்தினாலும் என் காதில் விழாது. தெருக்கோடியில் ஒரு வண்டி முனகினால் விழுந்துவிடும்.

இருபத்தெட்டு வருடமாக எனக்கு வண்டிகளின் அடிப்பக்க வேலைதான். வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில் பட்டை, ஷாக் அப்சார்பர், அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட், நட்டு. இஞ்சினைத் தொடமாட்டேன். வேலை முடிந்ததும் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வண்டியின் தரையில் வைத்து, குண்டும் குழியுமான எங்கள் தெருவில் ஒரு சுற்று போய் வருவேன். தண்ணீர் சிந்தினால் மறுபடி பிரித்துவிடுவேன். அதனால் எனக்கு ‘டம்ளர்’ என்று பட்டப்பெயர். அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியதே நீங்கள்தான் என்பாள் மனைவி. அது பொய்யில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு நட்டை முடுக்கியவுடன் அதன் மேலிருந்து பக்கத்துத் தகடு வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பேன். நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். என் தங்கையின் கணவருக்கு இதைப் பாடம் மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தேன்.

“மாப்பிள்ளை, சத்தம் ஏதாவது கேட்டா கீழ படுத்துக் கோட்டைப் பாருங்க. நேரா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம். விலகியிருந்தா ஒரு அடி கூட நகராதீங்க.”

மாப்பிள்ளை கண்ணாடி ஏற்றுகிறவர். ஜன்னல் கண்ணாடி, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் அந்தப் பழைய வேனில்தான் போகும். ஒன்பது வருடம் அதன் அடிப்பக்கம் என் பொறுப்பு. போன வருடம் பின்பக்கம் தொய்ந்துவிட்டது என்று நானாக இன்னொரு பட்டை சேர்த்துக் கட்டினேன். அது தப்பு. அவர் ஒரு தடவைக்கு ஏற்றும் கண்ணாடி அகலமே தவிர அத்தனை கனமில்லை. வேன் விறைத்துக்கொண்டு துள்ளியது. ஒரு பெரிய கண்ணாடி விரிசல் விட்டது. மாப்பிள்ளை மூன்று முறை வந்தார். மூன்று முறையும் வேறு எதையாவது கழற்றி மாட்டி அனுப்பினேன். நான் சேர்த்த பட்டையை நானே எடுப்பதா? தலைக்கனம் என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. அப்போது நான் அதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது முறை அவர் வரவில்லை. மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்த பட்டறைக்குப் போய்விட்டார். அங்கே எல்லாம் கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர்காரன் ஒரே மணி நேரத்தில் என் பட்டையை உருவி வெளியே போட்டான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, தங்கையையும் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை என் பட்டறைக்கே வந்தார். வாயெல்லாம் பல். என் டம்ளரையே எடுத்து, தண்ணீர் ஊற்றி, வேனில் வைத்து, என் தெருவிலேயே ஒரு சுற்று போய் வந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தத் தண்ணீரை என் முன்னாலேயே மடமடவென்று குடித்தார்.

“பாத்தீங்களா மச்சான்! படகுல போற மாதிரி இருக்கு.”

“சும்மா இருங்க, அண்ணனைப் போயி கிண்டல் பண்றீங்க” என்றாள் தங்கை. அவளும் சிரித்தாள்.

“கிண்டல் இல்லம்மா, நல்லது நடந்தா சொல்ல வேணாமா? மச்சான், உங்க பாடத்தை மறக்கல. அவன்கிட்டயும் கோடு போடச் சொன்னேன். குனிஞ்சு பாருங்க.”

குனிந்து பார்த்தேன். மஞ்சள் கோடு. நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. எரிந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இத்தனை வயதில் ஒரு டம்ளர் தண்ணீருக்காக எரிந்ததே, அதில்தான் வெட்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை உண்ட களைப்பில் தூங்கினார். தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சும்மா வெளியே வந்தேன், சும்மா வேனுக்கு அடியில் படுத்தேன். பையில் ஸ்பேனரும், அதில் சொருகி நெம்ப ஒரு நீளக் குழாயும் இருந்தன. விருந்துக்குப் போகிறவனுக்குக் குழாய் எதற்கு என்று கேட்காதீர்கள், என் பை எப்போதும் அப்படித்தான் இருக்கும். கம்ப்யூட்டர்காரன் வேலையில் ஒரு குறையாவது கிடைக்குமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினேன். கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. குறை இருந்திருந்தால் அதைப் பேசிப் பேசியே ஆறு மாதம் சந்தோஷமாக இருந்திருப்பேன். மாப்பிள்ளையும் உயிரோடு இருந்திருப்பார்.

பின் இடது சக்கரத்துப் பக்கம், பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் நான்கு நட்டுகளையும் தளர்த்தினேன். ஒவ்வொன்றும் இரண்டரைச் சுற்று, ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் கிடையாது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு சத்தம். சத்தம் வரும், கம்ப்யூட்டர்காரன் மூக்கு உடையும், மாப்பிள்ளை என்னிடம் திரும்பி வருவார். அவ்வளவுதான். பிறகு அந்தக் கோடு. பழைய கோட்டைச் சுரண்டித் துடைத்துவிட்டு நேராகப் புதுக் கோடு இழுத்தேன். நட்டில் கை வைத்தால் கடைசியில் கோடு போட்டாக வேண்டும் என் கைக்கு. கைப்பழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் செய்தார். கண்ணாடி ஏற்றியாகிவிட்டது, கிளம்ப வேண்டியதுதான்.

“மச்சான், பின்னாடி இடது பக்கம் டக் டக்னு ஒரு சத்தம். கீழ படுத்துப் பாத்தேன். கோடு நேராத்தான் இருக்கு.”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ‘நீங்கதான் வந்து பாக்கணும் மச்சான்’ என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன்.

“போற வழியில அந்தத் தம்பிகிட்டயே காட்டிக்கறேன். கோடு நேரா இருந்தா அது வரைக்கும் ஓட்டலாம்ல மச்சான்?”

செருப்பைக் கழற்றினேன்.

“தாராளமா ஓட்டுங்க மாப்பிள்ளை. ஒண்ணும் ஆகாது” என்றேன்.

மெயின் ரோட்டுக்கு முன்னால் ஒரு இறக்கம் இருக்கிறது. அந்த வளைவில் ஆக்சில் இடம் மாறி, வேன் குறுக்கே திரும்பி, சுவரில் மோதியது. பின்னாலிருந்த கண்ணாடிகள் எல்லாம் முன்னால் வந்தன. அதற்கு மேல் உங்களுக்கே தெரியும், படங்கள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அண்ணா, கடைசியா உன்கிட்ட பேசிட்டுத்தானே கிளம்புனாரு. ‘உங்க அண்ணனே சொல்லிட்டாரு, இனிமே எனக்கென்ன பயம்’னு சிரிச்சுக்கிட்டே வண்டியில ஏறுனாரு. அந்தப் பட்டறைக்காரப் பாவிய விட்டுடாத அண்ணா.” அவள் பிடித்திருந்தது வலது கையை. அதை உருவிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கையால் சாப்பிட முடியவில்லை.

தங்கை முகத்தைப் பார்க்க முடியாமல் இங்கே வந்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். நீங்கள் பிடித்து உள்ளே வைத்திருக்கும் கம்ப்யூட்டர்காரனுக்காக வந்தேன் என்றும் எழுதலாம், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இதுவரை வராதவன் இன்று ஏன் வந்தேன்? நேற்று பேப்பரில் உங்கள் அறிக்கையைப் படித்தேன். ‘நட்டுகள் கவனக்குறைவாக முடுக்கப்பட்டிருந்தன’ என்று போட்டிருந்தது. கவனக்குறைவா? நான்கு நட்டையும் ஒரே அளவில் தளர்த்தியிருக்கிறேன். வேறு எவனாவது செய்யட்டும் பார்ப்போம். ராத்திரி பூராவும் அந்த ஒரு சொல்தான் உறுத்தியது. மாப்பிள்ளை செத்த பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது நேற்றுதான். பாருங்கள், எப்பேர்ப்பட்ட ஆள் நான்.

அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். நான் சொன்னதிலும் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. கோடு விலகியிருந்தால் அவர் எந்தத் தெருமுனைக் கடையிலும் முடுக்கிக்கொண்டு போயிருப்பார். கோடும் நேராக இருந்து சத்தமும் வந்தால்தான் என் காது தேவைப்படும். கைப்பழக்கம் என்றேன் அல்லவா? என் கைக்குப் பழக்கம் வெள்ளை. இருபத்தெட்டு வருடத்தில் வேறு நிறம் வாங்கியதே இல்லை. அந்த மஞ்சள் பெயிண்ட் டப்பாவை வெள்ளிக்கிழமையே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.